ரெட்ரூத்தில் கடல்

குணசுந்தரி கடலைப் பார்த்ததில்லை. ஆனாலும் மாரிகுப்பம்-பெங்களூர் ரயிலின் பெண்கள் பெட்டியில் நாலு வருஷமாக ஒரு கடல் இருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான்.

சாம்பியன் ரீப்ஸில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில் பிறந்தவள். அதே லைனில் நாலு கதவு தள்ளிக் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் சுரங்கத்தில் டிரில் பிடித்தவன். சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரில் வாட்ச்மேன் ஆனான். உள்ளே போன கல்தூசி அவனை விடவில்லை. மகள் நிலா ஒன்பதாவது படிக்கும்போது இருமி இருமியே போய்ச் சேர்ந்தான்.

அடுத்த மாதம் குணசுந்தரி ரயில் ஏறினாள். பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி கேன்டீனில் சப்பாத்தி தேய்க்கிற வேலை. இருட்டில் போய் இருட்டில் திரும்புவாள். "அந்த ஜனங்களுக்கு நாக்குல உப்பே ஒறைக்காது போல" என்பதுதான் அந்த வேலையைப் பற்றி அவள் வீட்டில் சொன்ன ஒரே குறை.

அந்த ரயிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாரிகுப்பத்தில் ஏறுகிறவர்கள் அடுத்தடுத்த ஸ்டேஷன்காரர்களுக்காகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். யார் துண்டு யாருடையது என்று பெட்டிக்கே தெரியும். துண்டு போடுவது சின்ன விஷயமில்லை. சண்டை வந்தால் மறுநாள் துண்டு விழாது. அதோடு உறவு முடிந்தது. ஒரு ஆண் பிள்ளைக்கு ஒரு பெண் துண்டு போட்டால், கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டியதில்லை, ஊருக்கே சொன்ன மாதிரி. குணசுந்தரியின் துண்டு பச்சைக் கட்டம் போட்டது. மாரிகுப்பத்து ராணி அதைத் தினமும் ஜன்னலோரத்தில் போட்டு வைப்பாள்.

குணசுந்தரி பெட்டியில் கதை சொல்லத் தொடங்கியது ராணியால்தான். கொரோனா அடங்கி ரயில் மறுபடி ஓட ஆரம்பித்த சமயம். ராணியின் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். யார் என்ன சொல்லியும் நிற்கவில்லை. குணசுந்தரி சொன்னாள்: "ஒருத்தி இருந்தா. பேரு மாலினி. நம்ம சாம்பியன்காரிதான். அவளும் இப்டிதான் அழுதுகினே ட்ரெயின் ஏறினா. ஆனா அது சீமையில ஓடற ட்ரெயினு."

ராணி மூக்கை உறிஞ்சிவிட்டு, "சீமையிலயா? எந்த ஊரு?" என்றாள்.

"ரெட்ரூத்து."

அந்தப் பெயரை அவள் ஒரு கல்லறையில் படித்திருந்தாள். சுரங்கத்தை நடத்தச் சீமையின் கார்ன்வால் பக்கத்திலிருந்து வந்த வெள்ளைக்காரர்களை இங்கேயேதான் புதைத்திருந்தார்கள். சின்ன வயசில் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் புளியங்காய் பொறுக்கப் போவாள். எழுத்துக் கூட்டிப் படித்த முதல் இங்கிலீஷ் வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

மாலினி ரெட்ரூத்தில் கடலுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை போட்டாள். அந்த ஊரிலும் சுரங்கம் மூடிக் கிடந்தது. அதனால் அந்த ஜனங்கள் நம்ம ஜனங்கள் மாதிரிதான், வேலை தேடி ரயிலில் போவார்கள், இருட்டில் வருவார்கள், பசியோடு வருவார்கள். மாலினி அவர்களுக்குக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். ஆல்பர்ட் என்று ஒருவன் முதல் நாள் களியை வாயில் போட்டு அரைமணி நேரம் மென்றான். "மெல்லாதய்யா, முழுங்கு!" என்று மாலினி கத்தினாள். பெட்டியே சிரித்தது. ராணியும் சிரித்தாள்.

அப்படித் தொடங்கியது நிற்கவில்லை. காலையில் ஒரு பாகம், தினமும்.

நிலாவுக்கு இது அரைகுறையாகத் தெரியும். அவள் லிஃப்ட் கன்ட்ரோலர்களைப் பொருத்திச் சோதிக்கும் இன்ஜினியர். ஒய்ட்ஃபீல்டில் ஒரு விடுதியில் இருந்தாள். சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தபோது, போனைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, ரெட்ரூத்துல கடலே இல்ல."

"யாரு சொன்னது?"

"மேப்பு. கடல் அந்தாண்ட கீது. அஞ்சாறு கிலோமீட்டர் போவணும்."

"அம்மாந்தூரம் தெனம் எப்டிடி நடப்பா? கடைய யாரு பாத்துப்பா?" அம்மா கருவாட்டின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "இருக்கட்டும். நான் கடைக்கு எதிர்ல வெச்சிட்டேன். இனிமே நகத்த முடியாது."

"விசா எப்டி கெடச்சிது அவளுக்கு?"

"உன்ன யாரும் கேக்கல. போய் தட்டு எடுத்தா."

நிலாவுக்கு டென்மார்க்கிலிருந்து வேலை வந்தது. முதல் முறை வேண்டாம் என்றாள். இரண்டாம் முறையும் வேண்டாம் என்றாள். "எனக்காவா?" என்று அம்மா கேட்டாள். "இல்லம்மா, வேல புடிக்கல" என்றாள் நிலா. பொய். அம்மா நம்பவில்லை, நம்பியது போல முகத்தை வைத்துக்கொண்டாள். மூன்றாம் முறை வந்தபோது நிலாவுக்கே களைப்பாக இருந்தது. ஒரு வியாழக்கிழமை சாயந்தரம் போனில் சொன்னாள். "ஒத்துக்கினேன்மா. போறேன்."

அந்தப் பக்கம் அம்மா சிரித்தாள். மறைத்துச் சிரித்த சிரிப்பு இல்லை, வாய்விட்டு. "அப்ப ஸ்வெட்டர் வாங்கணும்ல?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா குழாயடியில் விழுந்தாள். நிலா லிஃப்ட் வேலையாக ஹைதராபாத்தில் ஒரு கட்டடத்தில் இருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. நிலா வந்து சேரும்போது அம்மாவின் உடலைக் கூடத்தில், புத்தர் படத்துக்குக் கீழே படுக்க வைத்திருந்தார்கள்.

நிலா அழுதது குறைவு. செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் செய்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு அவளை விட்டுப் போகவில்லை. பதினாலு வருஷம் இரண்டே பேராக இருந்த வீடு. மகள் தூர தேசம் போகிறேன் என்கிறாள். ஒரு தாய் அழலாம். சண்டை போடலாம். சும்மாவாவது இருக்கலாம். ஏன் சிரித்தாள்? கேட்க ஆள் இல்லை.

அடக்கம் முடிந்த ஏழாம் நாள் பெரியவர்கள் வந்து புத்த வந்தனம் சொன்னார்கள். சாப்பாடு போட்டார்கள். வாசலுக்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். தோளில் இருந்த துண்டை எடுத்து, இரண்டாக மடித்து, மறுபடி நாலாக மடித்து, கையில் வைத்துக்கொண்டு நின்றார். இடது மோதிர விரல் பாதிதான் இருந்தது.

"உள்ள வாங்க. சாப்புட்டுப் போங்க" என்றாள் நிலா.

"இல்லம்மா. வேலைக்கு நேரமாச்சி."

போய்விட்டார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது நிலாவுக்குப் பிறகுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு வீட்டைக் காலி செய்தாள். பாத்திரங்களைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். அம்மாவின் சேலைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். விமானம் அந்த வாரக் கடைசியில். திங்கட்கிழமை விடியுமுன் சாம்பியன் ஸ்டேஷனுக்கு நடந்தாள். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைட் மண்மேடு வானத்தை விடக் கறுப்பாக நின்றது. அம்மா கடலை எதைப் பார்த்துச் சொல்லியிருப்பாள் என்று திடீரென்று புரிந்தது. அந்த மேட்டில் காற்று வரிவரியாக அலை போட்டு வைத்திருக்கும். வெள்ளையாகத் தூளும் கிளம்பும்.

ரயில் வந்தது.

"ஏய், நிலா! இங்க ஏறு! இங்க, இங்க!" ஜன்னலில் ஒரு கை ஆடியது. ராணி.

ஏறினாள். கூட்டம் பிதுங்கியது. ஜன்னலோரம் மட்டும் காலி. அங்கே பச்சைக் கட்டத் துண்டு கிடந்தது. நிலா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரு கண்ணு" என்றாள் எதிரே இருந்த சரோஜம்மா. ஐ.டி. கம்பெனி ஒன்றில் கூட்டித் துடைக்கிற வேலை, பெட்டியில் மூத்தவள். மடியில் அரைக்கீரைக் கட்டு. "உங்கம்மா எடம். ஒரு மாசம் வேற யாரும் உக்கார மாட்டோம். நீ உக்காரலாம்."

நிலா துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊரிகம் தாண்டுவதற்குள் கையில் இட்லி வந்தது, பொடி தடவி.

"சாப்டு. மூஞ்சப் பாரு, கரண்ட் போன வீடு மாறி கீது" என்றாள் ராணி. "எப்போ பயணம்?"

"சனிக்கிழம."

"அங்க பனி பெய்யுமாமே. உன்ன யாரு பாத்துப்பா?"

"நானே."

"ம். உங்கம்மா மாறியே." ராணி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். "தே பாரு நிலா, ஒண்ணு கேக்கட்டா? மாலினி கதய முடிச்சிக் குடேன். படிச்ச பொண்ணு நீ. எங்களுக்குப் பேஜாரா கீது. காலைல ஏறினா எல்லாரும் போன நோண்டிக்கினு சும்மா வர்றோம்."

"எனக்குக் கத சொல்ல வராது, ராணிக்கா."

"ட்ரை பண்ணு."

நிலா முயன்றாள். மாலினிக்கு விசா முடிகிறது, அதை நீட்டிக்க அவள் லண்டன் போக வேண்டியிருக்கிறது, கடைக்கு உணவுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று தொடங்கினாள்.

"அய்யய்யோ, நிறுத்து!" என்றாள் ராணி. "உங்கம்மா நாலு வருஷத்துல ஒரு தபா விசான்னு சொல்லியிருப்பாளா? கடையச் சாத்திடுவ போல கீதே!"

சரோஜம்மா சிரித்துவிட்டாள். நிலாவுக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது. "கத எது வரைக்கும் வந்திச்சி? அதச் சொல்லுங்க மொதல்ல."

இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். மாலினி முதல் தடவை சீமை ரயிலில் ஏறியதும் பழக்க தோஷத்தில் பக்கத்து சீட்டில் துண்டு போட்டாளாம். அங்கே அது யாருக்குத் தெரியும்? கார்டு வந்து, யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் என்று துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மாலினிக்கு இங்கிலீஷில் சண்டை போட வரவில்லை. ஆல்பர்ட்தான் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஓடி, துண்டை வாங்கி வந்தான். அங்கே தொடங்கியது பழக்கம். பெண்சாதியைப் பறிகொடுத்தவன். அதிகம் பேச மாட்டான். ஆறின டீயைக்கூட ஊதி ஊதித்தான் குடிப்பான். ரெண்டு வருஷம் முன்பு மாலினியிடம் கேட்டுவிட்டான், நாம் சேர்ந்து இருக்கலாமா என்று.

"இவ ஒண்ணும் சொல்லல" என்றாள் ராணி. "அன்னிலேர்ந்து ரெண்டு வருசம் உங்கம்மா இழுத்தா! கடையில நெருப்புப் புடிச்சிச்சின்னா. மாமியா வந்துட்டான்னா. புயல் அடிச்சிச்சின்னா. நாங்க கத்துவோம், 'சரின்னு சொல்லித் தொலடி'ன்னு. 'மாலினிக்கு ஊர்ல ஒரு பொண்ணு கீது, அது கரையேறட்டும்'னுவா உங்கம்மா."

நிலா இட்லியைக் கையிலேயே வைத்திருந்தாள். "பொண்ணா?"

"ஆமா. பெரிய படிப்பு. அம்மாவுக்குத் தொணைக்கின்னு வெளிய போவாம ஊர்லயே குந்திக்கினு கீற பொண்ணு."

பங்காருப்பேட்டை வந்தது. பெட்டியில் இன்னும் கூட்டம் ஏறியது. நிலா ஜன்னல் வழியே பார்த்தாள். பக்கத்துப் பெட்டியின் வாசலில் ஒருவர் இறங்கி டீ வாங்கினார். ஊதினார். காகிதக் கோப்பையைப் பிடித்திருந்த இடது கையில் ஒரு விரல் பாதியில் நின்றிருந்தது.

"இந்த ஆல்பர்ட்டு" என்றாள் நிலா மெதுவாக. "கையில ஏதாவது அடையாளம் சொன்னாளா அம்மா?"

ராணி வெளியே பார்த்தாள். சரோஜம்மா கீரையில் இல்லாத பழுப்பு இலையைத் தேடினாள்.

"மோதர வெரலு பாதி" என்றாள் ராணி கடைசியில். "படகுக் கயிறு அறுத்துச்சி."

"நெஜத்துல?"

"லேத்து மிஷினு."

ரயில் நகர்ந்தது. பிறகு சரோஜம்மாதான் சொன்னாள். "காத்தவராயன்னு பேரு. ஊரிகம். நல்ல மனுஷன். ஒருநா கூட்டத்துல உங்கம்மா செருப்பு ஒண்ணு தண்டவாளத்துல வுழுந்துச்சி. குதிச்சி எடுத்தாந்தாரு. அப்பாலதான். சாயந்தரம் ட்ரெயினுக்கு நிக்கும்போது ப்ளாட்பாரத்துல ரெண்டு பேரும் டீ குடிப்பாங்க. காலைல எங்களுக்குச் சொன்ன பாகத்த அவருக்குச் சொல்லுவா. அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல."

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியும். ஆனா எங்களுக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது. நாங்களும் கேட்டதில்ல. கதயிலதான் கேப்போம்."

நிலா துண்டைப் பார்த்தாள். "கடைசியா எப்டி நின்னுச்சி கத?"

ராணியின் முகம் மாறியது. "வெள்ளிக்கெழம காலைல சிரிச்சிக்கினே ஏறினா. உக்காந்த ஒடனே ஆரம்பிச்சிட்டா. கடையப் பூட்டி மாலினி பஸ்ஸுல ஏறினா. பக்கத்து சீட்டுல துண்டு போட்டா. ஆல்பர்ட்டுக்கு. பெட்டி பூரா கை தட்டிச்சி, நிலா! பக்கத்துப் பெட்டிக்கிக் கேட்டிருக்கும். 'பொண்ணு?'ன்னேன். 'அது கரையேறிடுச்சி'ன்னா."

வியாழக்கிழமை சாயந்தரம் போனில் கேட்ட சிரிப்பு நிலாவின் காதில் மறுபடி கேட்டது.

லிஃப்ட் வேலையில் ஒரு பழுது உண்டு. இரண்டு கன்ட்ரோலர்கள், ஒவ்வொன்றும் மற்றதன் சிக்னலுக்காகக் காத்திருக்கும். இரண்டிலும் கோளாறு இருக்காது. வெளியே இருந்து பார்த்தால் லிஃப்ட் அமைதியாக நிற்பது போலத்தான் தெரியும். நிலா அதை எத்தனையோ கட்டடங்களில் கண்டுபிடித்திருக்கிறாள். வீட்டில் கண்டுபிடிக்கவில்லை.

முதலில் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஒரு பெட்டி நிறைய ஜனத்துக்குச் சொன்னவள் மகளுக்குச் சொல்லவில்லை. பிறகு, தான் சொன்ன 'வேல புடிக்கல' ஞாபகம் வந்தது. கோபத்துக்குப் போக இடம் இல்லாமல் போயிற்று.

"அவருக்குத் தெரியுமா? துண்டு போட்டது?"

"அதான் இல்ல" என்றாள் ராணி. "அன்னிக்கி சாயந்தரம் அவரு வர்ல. ஓவர்டைமு. உங்கம்மா ரெண்டு டீய வாங்கி வெச்சிக்கினு ட்ரெயின் கெளம்பற வரைக்கும் நின்னா. 'நாளைக்கி லீவு, திங்கக்கெழம சொல்லிக்கறேன்'னா."

"நீங்க சொல்லலாமே."

"நான் இன்னான்னு சொல்ல? நான் போய்ச் சொன்னா அது வெறும் கத. அத்தோட, எல்லாம் தெரிஞ்சிக்கினு இத்தினி வருசம் சும்மா இருந்தோம்னு ஆயிடும்ல? அந்த மனுஷன் கூனிக் குறுகிடுவாரு." ராணி மூக்கை உறிஞ்சினாள். "பாவம்டி. தெனம் பக்கத்துப் பெட்டியிலதான் குந்திக்கினு வர்றாரு. யாரையும் ஒண்ணும் கேக்கல."

ஒய்ட்ஃபீல்டு வந்தது. நிலா இறங்க வேண்டிய இடம். பெட்டியில் பாதி இறங்கியது. நிலா அசையவில்லை.

"ஏய், உன் ஸ்டாப்பு."

"தெரியும்."

சரோஜம்மா கீரையைப் பையில் போட்டாள். நிலாவின் முழங்காலை ஒருமுறை தட்டினாள்.

கன்டோன்மெண்டில் அவர் இறங்குவதைப் பார்த்து நிலாவும் இறங்கினாள். கூட்டம் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. அவரை எந்த முறை வைத்துக் கூப்பிடுவது? அண்ணா இல்லை. மாமா இல்லை. முறை வைக்காமலே பேசினாள்.

"கொஞ்சம் நில்லுங்க."

திரும்பினார். பச்சைக் கட்டத் துண்டைத்தான் முதலில் பார்த்தார். "குணா பொண்ணு" என்றார். அம்மாவை யாரும் குணா என்று கூப்பிட்டு நிலா கேட்டதில்லை.

"கத எது வரைக்கும் கேட்டீங்க?"

அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. சுற்றிலும் பார்த்தார். மறுக்கப் போகிறார் என்று நினைத்தாள். மறுக்கவில்லை.

"மழ பெய்யிது. அவன் கடைக்கு வெளிய நிக்கறான். அவ உள்ள வெளக்க அணைக்கறா. அத்தோட நிறுத்திட்டா, வியாழக்கெழம." தொண்டையைச் செருமினார். "மறுநா ஓவர்டைமுன்னு கேட்டாங்க. முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். திங்கக்கெழம கேட்டுக்கலாம்னு இருந்துட்டேன்."

"வெள்ளிக்கெழம காலைல அம்மா மீதியச் சொன்னா. பெட்டியில இருக்கறவங்களுக்கு."

அவர் காத்திருந்தார். நிலாவுக்குக் கதை சொல்ல வராது. நடந்ததை வரிசையாகச் சொல்ல மட்டும் வரும்.

"கடையப் பூட்டினா. பஸ்ஸு வந்திச்சி. ஏறினா. ஜன்னலோர சீட்டு. பக்கத்துல காலி. அதுல துண்டு போட்டா."

"யாருக்கு?"

"அவனுக்கு."

காத்தவராயன் தோள் துண்டை எடுத்தார். இரண்டாக மடித்தார். பிறகு நாலாக மடிக்க முயன்றார், ஓரங்கள் சேரவில்லை. மறுபடி பிரித்து மடித்தார். எதிர்த்தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது. அது முடிந்ததும் கேட்டார்.

"சொல்லும்போது சிரிச்சாளா?"

"சிரிச்சிக்கினேதான் ஏறினாளாம்."

தலையாட்டினார். கண்ணைத் துடைக்கவில்லை, துண்டு கையிலேயே இருந்தது. நிலா போகலாமா என்று யோசித்தாள்.

"நீ பெரிய படிப்பு படிச்சவ" என்றார் அவர். "ஒண்ணு கேக்கணும். அந்த ஊர்ல நெஜமாவே கடலு கீதா? கீதுன்னு சொல்லுவா. நான் நம்பினதில்ல. சுரங்கத்து ஊருக்கு ஏது கடலுன்னு கிண்டல் பண்ணுவேன்."

நிலா மேப்பை நினைத்தாள். குழாயடியை நினைத்தாள். பிளாட்பாரத்தில் ஆறிப்போன இரண்டு டீயை நினைத்தாள்.

"கீது" என்றாள். "கடைக்கு எதிர்லயே கீது."